நுரை வேறு, அளவு வேறு
(சாக்கடை நீரில் சலவைப் பொருளை அளவிடுதல் பற்றி)

தீபாவளி கழிந்த ஆறாம் நாளில் வட இந்திய மக்கள் சத் பூஜை நடத்துகின்றனர். நீரில் இறங்கி நின்று, மறையும் கதிரவனுக்கும் மறுநாள் உதிக்கும் கதிரவனுக்கும் அர்க்கியம் விடுவது இப்பூஜையின் தலையாய சடங்கு. டில்லியில், யமுனையின் ஒக்லா அணைக்கட்டை ஒட்டிய காளிந்தி குஞ்ச் படித்துறையில், அண்மை ஆண்டுகளில் இச்சடங்கு வெண்ணுரைக் குவியல்களின் நடுவே நடைபெற்றதைப் பத்திரிகைப் படங்கள் நாடெங்கும் காட்டின. 2022-லும் 2024-லும் பண்டிகையை ஒட்டிப் படகுகளிலிருந்து நுரையடக்கும் மருந்து ஆற்றில் தெளிக்கப்பட்டது. தெளித்த இடத்தில் நுரை தணிந்தது.

நுரை தணிந்தது உண்மை. ஆனால் நுரைக்குக் காரணமான பொருள் ஆற்றை விட்டு அகன்றதா? இக்கேள்விக்கு விடை கூறக் கண் போதாது, அளவீடு வேண்டும். அவ்வளவீடும் படித்துறையில் அன்று. சாக்கடை ஆற்றில் கலக்கும் வாயிலிலும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் நடைபெற வேண்டும். நுரையைக் கண்டு அஞ்சுவதும், நுரை மறைந்ததும் மறப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் ஆகும்.

நுரை நம்பத்தக்க சாட்சி ஆகுமா?

டிடர்ஜெண்ட் என வழங்கும் செயற்கைச் சலவைப் பொருளின் மூலக்கூறு ஒரு முனையில் நீரை நாடும். மறுமுனையில் எண்ணெயை நாடும். இதனால் அது நீரின் மேற்பரப்பில் வரிசையாக நின்று, பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. காற்று புகுந்தால் குமிழிகள் விரைவில் உடையாமல் நிற்கின்றன. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் அளவே இருப்பினும் சில சமயங்களில் நுரை தோன்றக்கூடும்.

எனினும் நுரைக்குப் பொருள் மட்டும் காரணம் அன்று. நீர் உயரத்திலிருந்து விழ வேண்டும். காற்று கலக்க வேண்டும். ஒக்லாவில் அணைக்கட்டின் மதகுகளிலிருந்து நீர் விழுகிறது. ஆகவே, அதற்கு மேலே அமைதியாக ஓடும் நீரில் அதே அளவு சலவைப் பொருள் இருப்பினும், நுரை மதகுக்குக் கீழேதான் எழுகிறது. பெங்களூரின் பெள்ளந்தூர் ஏரியிலும் 2015-இல் நுரை எழுந்து காற்றில் பறந்து சாலையை அடைந்தது, நீர் ஏரியை விட்டு வழிந்து விழும் இடத்தில்தான். மழைக் காலத்தில் வெள்ளம் கழிவைக் கரைத்து நுரையை மறைக்கும். மழை ஓய்ந்து நீரோட்டம் குறைந்ததும் நுரை மீண்டும் தலைகாட்டும். நூல்போல் வளரும் சில பாக்டீரியாக்கள் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிகளில் தடித்த பழுப்பு நுரையைத் தாமே உண்டாக்க வல்லவை. சிகைக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைக்கின்றன. அவற்றில் செயற்கைச் சலவைப் பொருள் அணுவளவும் இல்லை.

பள்ளி ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரே அளவு நீர் கொண்ட இரண்டு கண்ணாடிச் சீசாக்களில் சம அளவில் சலவைத் தூளைச் சிறிதே கரைத்து, ஒன்றில் மட்டும் சில துளி சமையல் எண்ணெய் விட்டு, இரண்டையும் ஒரே விதமாகக் குலுக்க வேண்டும். எண்ணெய் விட்ட சீசாவில் நுரை குறைந்து விரைவில் அடங்கக் காணலாம். சலவைத் தூள் இரண்டிலும் சமமே. ஆற்றில் தெளிக்கப்படும் நுரையடக்கும் மருந்தும் ஏறத்தாழ இதே தொழிலைத்தான் செய்கிறது. குமிழியின் மெல்லிய சவ்வை அது உடைக்கிறதேயன்றிச் சலவைப் பொருளைச் சிதைப்பதில்லை. இதனை ஒருமுறை கண்ட மாணவன், நுரையற்ற நீரைத் தூய நீர் என்று பிற்காலத்தில் எளிதில் நம்பமாட்டான்.

அளவீடு சட்டத்துக்கு வழி வகுத்த வரலாறு

இந்நிலை உலகுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கைச் சலவைப் பொருள்கள் பெருகியபோது, பிரிட்டனிலும் மேற்கு ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆறுகளும் சாக்கடை நிலையங்களும் நுரையால் மூடப்பட்டன. அக்காலத்தில் பயன்பட்ட ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட்டின் கரிமச் சங்கிலி பல கிளைகளாகப் பிரிந்திருந்தது; பாக்டீரியாக்களால் அதனை எளிதில் சிதைக்க இயலவில்லை. கிளையற்ற நேர்ச்சங்கிலி அமைந்த பொருளை அவை, ஆக்ஸிஜன் கிடைக்கும் இடத்தில், சிதைத்துவிடுகின்றன.

மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றி, 1964 முதல் சலவைப் பொருள்கள் குறைந்தது 80 சதவிகிதமேனும் உயிரியச் சிதைவு அடைதல் வேண்டும் என விதித்தது. அமெரிக்கத் தொழிலதிபர்கள் 1965-இல் தாமாகவே நேர்ச்சங்கிலிப் பொருளுக்கு மாறினர். இங்கு ஊன்றி நோக்கத் தக்கது ஒன்று உண்டு. ‘நுரை மிகுதி’ என்று கூறிச் சட்டம் இயற்ற இயலாது. ‘80 சதவிகிதம்’ என்று எழுதுவதற்கு, முன்பு இருந்தது எவ்வளவு, பின்பு எஞ்சியது எவ்வளவு என்று கூறும் முறை ஒன்று கைவசம் இருத்தல் வேண்டும். அம்முறையின் அடிப்படையை 1945-இல் ஜோன்ஸ் என்பார் வெளியிட்டார். 1955-இல் லாங்வெல், மேனீஸ் ஆகிய இருவரும் அதனைக் கழிவுநீருக்கு ஏற்பத் திருத்தினர். மெத்திலீன் நீல முறை எனப்படுவது இதுவே. இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழங்கி வருவது இதன் வழிவந்த முறையே ஆகும்.

முறையும் அதன் இடர்களும்

மெத்திலீன் நீலம் நேர்மின் தன்மை உடைய சாயம். பெரும்பாலான சலவைத் தூள்களில் உள்ள சலவைப் பொருள் எதிர்மின் தன்மை உடையது. இரண்டும் இணைந்தால் குளோரோஃபாரத்தில் கரையும் நீல நிறச் சேர்மம் உண்டாகிறது. தனித்த சாயம் நீரிலேயே தங்கிவிடும். ஆகவே நீரைக் குளோரோஃபாரத்துடன் குலுக்கிப் பிரித்து, குளோரோஃபாரம் அடைந்த நீலத்தின் செறிவை 652 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிமானி கொண்டு அளந்தால், சலவைப் பொருளின் அளவு கிடைக்கும். சுத்திகரிக்கப்படாத இல்லக் கழிவுநீரில் இது பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கும்.

கூறுவதற்கு எளிதாயினும் சாக்கடை நீர் எளிய பொருள் அன்று. ஆய்வுக்கூடத்தில் தோன்றும் பிழைகளைவிடக் களத்தில் தோன்றும் பிழைகளே பெரியவை. எனவே களப்பணியாளர் கவனிக்க வேண்டியவற்றைச் சிறிது விரித்துரைத்தல் தகும்.

முதலாவது, சீசா. மாதிரி எடுக்கும் கண்ணாடிச் சீசாவைச் சலவைத் தூள் இட்டுக் கழுவினால், சுவரில் ஒட்டிய எச்சமே மாதிரியுடன் சேர்ந்து அளவை உயர்த்திவிடும். சாக்கடையை அளக்கச் சென்றவர் தம் ஆய்வுக்கூடத்துச் சலவைத் தூளையே அளந்தவராவார்.

இரண்டாவது, எடுக்கும் இடம். சலவைப் பொருள் மேற்பரப்பில் கூடும் இயல்புடையது. நுரையிலோ அதன் செறிவு அடியிலுள்ள நீரினும் பல மடங்கு மிகும். நுரையை அள்ளி வந்து அளப்பது, பாலேட்டை அளந்து பாலின் கொழுப்பைக் கணிப்பது போன்றதாகும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நீர் நன்கு கலந்து ஓடும் இடத்தில், குமிழி எழாதவாறு எடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, எடுக்கும் வேளை. துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் இல்லங்களில் பெரும்பாலும் காலையில் நிகழ்கின்றன. காலைக் கழிவு சாக்கடை வழியே நிலையத்தை அடையச் சில மணி நேரம் ஆகும். அலுவலகம் திறந்து, வண்டி வந்து, மாதிரி எடுக்கப்படும் வேளை அதற்கு முன்னரோ பின்னரோ அமைந்தால் எண் மாறும். இருபத்து நான்கு மணி நேரமும் இடையிட்டு எடுத்து, ஓட்டத்துக்கு ஏற்பக் கலந்த கூட்டு மாதிரியே ஒரு நாளின் உண்மையைக் கூறும்.

நான்காவது, காலதாமதம். சாக்கடை நீரிலுள்ள பாக்டீரியாக்கள் சீசாவுக்குள்ளும் தம் தொழிலை நிறுத்துவதில்லை. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, கூடியவரை ஒரே நாளில் ஆய்வுக்கூடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ஐந்தாவது, வடிகட்டல். சலவைப் பொருளில் ஒரு பெரும்பகுதி நீரில் கரைந்திராமல் மிதக்கும் துகள்களில் ஒட்டியிருக்கிறது. மாதிரியை வடிகட்டினால் அப்பகுதி தாளிலேயே தங்கிவிடும். ஆகவே வடிகட்டிய மாதிரியா, வடிகட்டாத மாதிரியா என்பதை எண்ணுடன் சேர்த்து எழுதாவிட்டால், இரு நிலையங்களின் எண்களை ஒப்பிடுதல் வீண்.

இவற்றினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. காற்றோட்டமின்றிக் கறுத்து நாறும் சாக்கடையில் சல்ஃபைடு மிகுந்திருக்கும். அது மெத்திலீன் நீலத்தின் நிறத்தைப் போக்கிவிடும் ஆற்றல் உடையது. முன்கூட்டியே சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துச் சல்ஃபைடை அகற்றாவிட்டால், நீலம் குறையும், எண்ணும் குறையும். அதாவது, மிகவும் கெட்ட சாக்கடையே மிகவும் நல்ல எண்ணைத் தந்துவிடக்கூடும். இதற்கு மாறாக, குளோரைடு, நைட்ரேட், சில கரிமப் பொருள்கள் ஆகியன எண்ணை உயர்த்தும். ஆகவேதான் கவனமுள்ள ஆய்வாளர் தம் முடிவைச் ‘சலவைப் பொருள்’ என்று எழுதாமல், ‘மெத்திலீன் நீலத்துடன் வினைபுரியும் பொருள்கள்’ என்று எழுதுகின்றனர். சோப்பும், மின்சுமையற்ற வேறு வகைச் சலவைப் பொருள்களும் இம்முறையில் அகப்படுவதில்லை என்பதும் நினைவில் இருத்தற்குரியது. எண் சுழியம் என்றால் நீரில் எவ்வகைச் சலவைப் பொருளும் இல்லை என்று பொருள் அன்று.

குடிநீரில் தேடுவதைச் சாக்கடையில் தேடாமை

இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், எதிர்மின் சலவைப் பொருளுக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க வரம்பையும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.0 மில்லிகிராம் என்ற வரம்பையும் விதிக்கிறது. ஆனால் 2017 அக்டோபரில் மத்திய அரசு சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கென வெளியிட்ட விதிகளில், அமில காரத் தன்மை, பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், மலக் கோலிஃபார்ம் ஆகிய நான்கே இடம்பெற்றன. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரம்புகளை மேலும் இறுக்கி, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சேர்க்கக் கூறியது. அப்போதும் சலவைப் பொருள் பட்டியலில் சேரவில்லை. நீர் குடிக்கும் குவளையை அடையும் இடத்தில் தேடப்படும் பொருள், அது ஆற்றில் இறங்கும் இடத்தில் தேடப்படுவதில்லை. திருட்டுப் போன வீட்டில் காவல் வைத்து, திருடன் நுழையும் வாயிலைத் திறந்து வைத்தாற் போன்றதே இது.

இதனால் விளையும் இழப்பு நிலையங்களுக்குள்ளேயே தொடங்குகிறது. சலவைப் பொருள் மிகுந்த நீரில், காற்றூட்டும் தொட்டியில் குமிழியிலிருந்து ஆக்ஸிஜன் நீருக்குள் செல்வது மந்தமாகிறது. அதே ஆக்ஸிஜனுக்கு அதிக மின்சாரம் செலவாகிறது. காரணம் அறியாத பணியாளர் ஊதுகருவியைக் குறை கூறுவர்.

கசடும் கருதத்தக்கது. 1989-இல் கான்பூரின் ஜாஜ்மௌவில் நிறுவப்பட்டது முதல், காற்றின்றிச் செயற்படும் மேலோட்டக் கசடுப் படுக்கைக் கலன்கள் கங்கை, யமுனைப் படுகைகளில் பல நகரங்களில் அமைக்கப்பட்டன. மின்சாரம் குறைவாகவே செலவாவது அவற்றின் சிறப்பு. ஆனால் நேர்ச்சங்கிலிச் சலவைப் பொருளும் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் எளிதில் சிதைவதில்லை. ஒரு பகுதி கசடில் ஒட்டிக்கொள்கிறது. மற்றொரு பகுதி நீருடன் வெளியேறி, அடுத்துள்ள குளங்களின் திறமையை நம்பியிருக்கிறது. கசடு உரமாக வயலை அடையும் நாட்டில் அதிலுள்ள அளவை அறியாதிருத்தல் நன்றன்று. டென்மார்க், வயலுக்குச் செல்லும் கசடில் இப்பொருளுக்குக் கிலோவுக்கு 1300 மில்லிகிராம் என வரம்பு விதித்தது. காற்றோட்டமுள்ள மண்ணில் அது காலப்போக்கில் சிதைந்துவிடும் என்பதால் அத்தகைய வரம்பு தேவையில்லை என்போரும் உளர். இரு தரப்பினரும் வாதிடுவதற்கு எண்கள் வேண்டும். எண்ணின்றி வாதமும் இல்லை.

ஆட்சேபங்களும் விடைகளும்

இவ்வளவீட்டுக்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. பி.ஓ.டி.யே போதும், அதில் சலவைப் பொருளும் அடங்கிவிடும் என்பது முதல் ஆட்சேபம். லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி. என்ற வரம்புக்குள் அடங்கிய நீரிலும் நுரைக்கப் போதுமான ஓரிரு மில்லிகிராம் சலவைப் பொருள் எஞ்சியிருக்க இடமுண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கூறும் எண், அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே காட்டாது.

குளோரோஃபாரம் நச்சுத்தன்மை உடையது, செலவும் மிகும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. காற்றோட்டமில்லாத சிறு அறையில், கையுறையின்றி, நாள்தோறும் குளோரோஃபாரத்தைக் கையாளும்படி எந்தப் பணியாளரையும் கேட்கலாகாது. கழிவான குளோரோஃபாரத்தைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டவும் கூடாது. ஆனால் இதன் முடிவு அளவீட்டைக் கைவிடுதல் அன்று. மாதிரியின் அளவையும் குளோரோஃபாரத்தின் அளவையும் மிகக் குறைத்து, மூடிய குழாய்களில் செய்யும் சிறு முறைகள் உள்ளன. ஒவ்வொரு நிலையத்திலும் அன்றாடம் செய்ய வேண்டியதும் இல்லை. மாதம் ஒருமுறை, வட்டாரத்துக்கு ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் செய்தால் போதும். அவ்வாறு கிடைக்கும் பன்னிரண்டு நம்பத்தக்க எண்கள், ஆண்டு முழுதும் எழுதப்படும் ‘நுரை காணப்பட்டது’, ‘நுரை காணப்படவில்லை’ என்னும் குறிப்புகளினும் மேலானவை.

எண்ணை எவ்வாறு பயன்படுத்துவது?

எண்ணைத் தனியே எழுதி வைப்பதும் போதாது. நீரோட்டத்துடன் பெருக்க வேண்டும். கணக்கு எளிது. பத்து லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் மொத்தம் ஒரு கிலோ. ஓர் ஆற்றில் இரு சாக்கடைகள் கலப்பதாகக் கொள்வோம். சிறிய சாக்கடையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம்; நாள் ஒன்றுக்கு 2 கோடி லிட்டர் ஓட்டம். பெரிய சாக்கடையில் 2 மில்லிகிராம்தான். ஆனால் 20 கோடி லிட்டர் ஓட்டம். முன்னது ஆற்றுக்குத் தருவது நாளொன்றுக்கு 100 கிலோ. பின்னது 400 கிலோ. செறிவை மட்டும் கண்டால் பணம் முழுதும் சிறிய சாக்கடைக்குச் செலவாகும். ஆறு முன்போலவே இருக்கும்.

டில்லி யமுனைக்கு இக்கணக்கு மிகவும் பொருந்தும். வஜீராபாத் அணைக்கட்டில் குடிநீருக்காக ஆற்று நீர் எடுக்கப்பட்ட பின், மழையற்ற மாதங்களில் ஒக்லா வரையிலான ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீளத்தில் ஓடுவது பெரிதும் சாக்கடைகள் கொணரும் நீரே. அவற்றுள் பெரியது நஜஃப்கட் சாக்கடை. 2021 ஜூன் மாதத்தில் டில்லி அரசு, இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் திருத்திய தரத்துக்கு உட்படாத சோப்பு, டிடர்ஜெண்ட் ஆகியவற்றின் விற்பனைக்கும் சேமிப்புக்கும் போக்குவரத்துக்கும் தடை விதித்தது. வரவேற்கத்தக்க ஆணை. ஆயினும் அது பயன் தந்ததா என்பதை அடுத்த சத் பூஜைப் படத்தைப் பார்த்து அறிய இயலாது. அவ்வாண்டு மழை பின்தங்கிப் பெய்ததா, மதகு எவ்வளவு திறக்கப்பட்டது, மருந்து தெளிக்கப்பட்டதா என்பவை அப்படத்தை மாற்றிவிடும். ஆணைக்கு முன்னும் பின்னும், அதே சாக்கடை வாயில்களில், அதே முறையில் எடுத்த எண்கள் மட்டுமே விடை கூறும். சட்டம் இயற்றுவோர் அளவீட்டுக்கும் அதே நாளில் ஏற்பாடு செய்தல் வேண்டும். இல்லையெனில் ஆணை வென்றதென்று ஒருவரும், தோற்றதென்று மற்றொருவரும் கூறிக்கொண்டேயிருப்பர்.

ஆகவே செய்யத்தக்கன தெளிவு. சுத்திகரிப்பு நிலையங்களின் மாதாந்தர அறிக்கையில் நுழைவு நீர், வெளியேறும் நீர், கசடு ஆகிய மூன்றிலும் எதிர்மின் சலவைப் பொருளின் அளவு இடம்பெற வேண்டும். ஆற்றில் கலக்கும் பெருஞ்சாக்கடைகளில் ஓட்டத்துடன் சேர்த்து அளக்க வேண்டும். எண்ணுக்கு அருகில் மாதிரி எடுத்த வேளையும், இடமும், வடிகட்டப்பட்டதா என்பதும், சல்ஃபைடு அகற்றப்பட்டதா என்பதும் குறிக்கப்பட வேண்டும். இவ்விவரங்களின்றி வெளியிடப்படும் எண், விலாசம் இல்லாத கடிதம் போன்றது. நுரையடக்கும் மருந்து தெளிக்க நேர்ந்தால், தெளித்த நாளும் அளவும் பதிவு செய்யப்படுதல் வேண்டும். அப்போதுதான் நுரையின்மையைத் தூய்மை என்று பின்வரும் அலுவலர் தவறாகக் கொள்ளார்.

இவற்றில் பெரும்பகுதி பெரிய இயந்திரங்களையோ புதிய விஞ்ஞானத்தையோ வேண்டுவதன்று. அதிகாலையில் சாக்கடை ஓரம் நின்று, நன்கு அலசிய சீசாவில், நுரையை விலக்கி நீரை எடுத்து, வேளையைக் குறித்து அனுப்பும் களப்பணியாளரின் நேர்மையையே அது முதலாவதாக வேண்டுகிறது. நாற்றமும் அழுக்கும் நிறைந்த இடத்தில் செய்யப்படும் அப்பணிக்கு உரிய கையுறையும் காலணியும் மதிப்பும் அவருக்கு அளித்தல் மேலதிகாரிகளின் கடமை. நீரில் இறங்கி அர்க்கியம் விடும் தாய்மாருக்குத் தம்மைச் சூழ்ந்த நீரில் என்ன இருக்கிறது என்பதை அறிய உரிமை உண்டு. அதனைக் கூற வல்லது அந்தச் சீசாவும், அதன்மேல் ஒட்டிய சீட்டில் உண்மையாக எழுதப்பட்ட நான்கு வரிகளுமே ஆகும்.